பூவன்பழம் போட்ட கியர்பாக்ஸ்

என் வயசுக்காரங்க மட்டும் கொஞ்சம் கிட்ட வாங்க. சின்னதுங்ககிட்ட சொன்னா சிரிக்குதுங்க. போன வாரம் என் பையன் கார் ஓட்டிக்கினு வர்றான், அடியில ஒரே உறுமல். "கியர்பாக்ஸ் போச்சும்மா"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினான். நான் பின்சீட்டுல இருந்தபடியே, "நியூட்ரல்ல உடுடா, அப்பவும் கத்துதான்னு பாரு"ன்னேன். கத்துச்சு. "சோத்துக்கைப் பக்கம் ஒடி"ன்னேன். சத்தம் ஏறிச்சு. "பீச்சாங்கைப் பக்கம் ஒடி." அடங்கிச்சு. "கியர்பாக்ஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முன்னாடி எடது சக்கரத்துல பேரிங்கு. ஓரங்கட்டு"ன்னேன். அவன் கண்ணாடி வழியா என்னப் பாத்த பார்வை இருக்கே, அடேயப்பா!

"உனக்கெப்படிம்மா தெரியும்?"னு கேட்டான். காயலா வந்தா டாக்டரு மாதிரி காருக்கும் நாடி பாக்கத் தெரியும்னு சொல்லி வாய அடைச்சிட்டேன். அத்தை கதைய அவன்கிட்ட எங்க இருந்து ஆரம்பிக்கறது? உங்ககிட்ட சொல்றேன்.

அப்பாவுக்கு திண்டிவனம் டாக்ஸி ஸ்டாண்டுல ஒரு கார் இருந்துச்சு. வாங்கும்போது வெள்ளையா இருந்திருக்கும், எனக்கு நெனவு தெரிஞ்சப்ப பழுப்பாயிடுச்சு. கியர் இப்ப மாதிரி கீழ கெடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ஒரு கம்பி நீட்டிக்கினு இருக்கும், நுனியில கறுப்பா ஒரு குமிழு. ரெக்சின் சீட்டு வெயில்ல காஞ்சா தொடையில ஒட்டிக்கும். உள்ள ஏறுனா பெட்ரோல் வாசனையும், கண்ணாடியில தொங்கற காஞ்ச மல்லி வாசனையும், சவாரிக்காரங்க சீட்டு இடுக்குல போட்டுட்டுப் போன மல்லாட்டை, அதான் வேர்க்கடல, தோலு வாசனையும் சேந்து அடிக்கும். எனக்கு அந்த வாசனையில தூக்கமே வந்துடும்.

அத்தைன்னா அப்பாவுக்குத் தங்கச்சி. கண்டமங்கலத்துப் பக்கம் கட்டிக்குடுத்தது. நான் அஞ்சாங்கிளாஸ் போன வருஷம், கோடையில ஒரு நாள் மத்தியானம், ஒத்தப் பையோட பஸ்ஸுல வந்து எறங்குனாங்க. எதுக்கு வந்தாங்கன்னு யாரும் வாயத் தொறந்து கேக்கல. வந்தப்பவே எடது காது அவங்களுக்குக் கேக்காது. தெருவுல கேட்டவங்களுக்கெல்லாம் அம்மா, "சளி எறங்கி அடைச்சிக்கினு இருக்கு"ன்னு சொல்லி வெச்சாங்க. சொல்லிச் சொல்லி எங்க வூட்டுலயே அது நெசமாயிடுச்சு. அத்தை ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நான் ஏதாவது ரகசியம் சொல்லப் போனா மட்டும், "இந்தப் பக்கம் வா கண்ணு"ன்னு தலையத் திருப்பி வலது காதக் குடுப்பாங்க.

ஊருக்கு வெளியில கன்னியாஸ்திரீங்க ஒரு ஆஸ்பத்திரி நடத்திக்கினு இருந்தாங்க. பிள்ளைப்பேறுக்கு வர்ற பொம்பளைங்கள கிராமத்துல இருந்து ஏத்திக்கினு வர அங்க ஒரு வேன் உண்டு. அத ஓட்ட ஒரு பொம்பள கெடச்சா தேவலன்னு பெரிய சிஸ்டர் அப்பாகிட்ட சொல்லியிருந்தாங்க. அப்பா அத வூட்டுல வேடிக்கையா சொல்லிச் சிரிச்சாரு. அத்தை சிரிக்கல. "நான் கத்துக்கறேண்ணா"ன்னாங்க.

அப்பா சோத்தப் பெசஞ்சாரு. அப்புறம், "சரி, லைசென்ஸ் எடுத்துட்டா கண்டமங்கலத்துப் பக்கம் நீ போவ வாணாம். நான் பேசிக்கறேன்"னாரு. அந்த ஒரு வார்த்தை போதும். மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே அத்தை தலை வாரிப் பின்னிக்கினு கார் பக்கத்துல நின்னாங்க.

ஏரிக்கரை ரோடுலதான் கத்துக் குடுத்தாரு. நானும் பின்னாடி தொத்திக்குவேன். அத்தைக்குக் கை வேர்க்கும், கியர்க் குமிழு வழுக்கும். என் பச்ச ரிப்பன் ஒண்ண வாங்கி அதுல சுத்திக்கினாங்க. சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே ஓட்டுனாங்க. ஆனா அப்பா பக்கத்து சீட்டுல, அதான் அவங்களுக்கு எடது பக்கம், உக்காந்துக்கினு, "கிளச்சு மேல கால வெக்காத"ன்னு சொல்லுவாரு. அத்தை கால எடுக்க மாட்டாங்க. "ரெண்டுக்குப் போ"ன்னுவாரு. ஒண்ணுலயே போய்க்கினு இருப்பாங்க. அப்புறம் அவரு கத்துனதும் திடுக்குனு பூட்டுவாங்க, கியரு ‘கர்ர்’ருன்னும். "சொல்றது மண்டையில ஏறுதா? இல்ல காத்துல போவுதா?"ன்னு அப்பாவுக்கு மூக்கு மேல கோவம் வரும்.

கேக்காத காதுப் பக்கம் உக்காந்துக்கினு பாடம் நடத்துனா எப்படி ஏறும்? இன்னிக்கு உங்ககிட்ட சொல்லும்போது எவ்வளவு சுளுவா இருக்கு பாருங்க! அன்னிக்கு அது அப்பாவுக்கும் தோணல, அம்மாவுக்கும் தோணல. அத்தையும் வாயத் தொறந்து சொல்லல, கேக்கலன்னு சொன்னா காரக் குடுக்க மாட்டாருன்னு பயம்.

ஆயுத பூஜை வந்துச்சு. அதுக்கு முந்தின நாள் ஸ்டாண்டு காருங்க எல்லாம் வரிசையா ஏரியில எறங்கும். குடத்துல மொண்டு ஊத்திக் கழுவறதெல்லாம் டாக்ஸிக்காரனுக்குக் கேவலம். அச்சு முழுவற வரைக்கும் தண்ணிக்குள்ள ஓட்டி நிறுத்தி, தேங்காநாரால தேச்சாத்தான் கழுவுன மாதிரி. அப்பா அந்தத் தடவ மத்தவங்களத் தாண்டி உள்ள போயிட்டாரு. கரை சாஞ்ச எடம். முன்னாடி எடது சக்கரம் சேத்துல பொதிஞ்சு, சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்னுச்சு. நாங்க பசங்க அது மேல ஏறித் தண்ணியில குதிச்சோம். மாட்ட வெச்சிக் கட்டி இழுத்துத்தான் கரையேத்துனாங்க. மறுநாள் சந்தனம், குங்குமம், வாழக்கன்னு, பூசணிக்கா ஒடைக்கறதுன்னு ஏக தடபுடல். கார் பளபளன்னு இருந்துச்சு.

மழை புடிச்சி கொஞ்ச நாளுல அந்த உறுமல் ஆரம்பிச்சிச்சு.

மொதல்ல லேசா, தூரத்துல ரைஸ்மில்லு ஓடற மாதிரி. வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். நின்னா நின்னுடும். அத்தை ஓட்டிக்கினு இருக்கும்போதுதான் அப்பா மொதல்ல கேட்டாரு. அங்கயே அவரு முடிவு பண்ணிட்டாரு. "கியர்பாக்ஸ ஒழிச்சிட்ட."

"இல்லண்ணா, கிளச்ச அமுக்குனாலும் அது நிக்கல. எனக்குக் கால்ல தெரியுது."

"காதே கேக்காது, இவளுக்குக் கால்ல கேக்குதாம்!"

ஸ்டாண்டுல ரிப்பேர் பாக்கற மேஸ்திரிகிட்ட கார் போச்சு. அந்த ஆளு ஓட்டிப் பாக்கல. நின்ன எடத்துலயே இஞ்சின முறுக்கிக் கேட்டாரு. நிக்கற கார்ல அந்தச் சத்தம் எப்படி வரும்? "இப்ப இல்லயே அண்ணே. ஓடும்போது உறுமுதா? யாராவது புதுசா கத்துக்கறாங்களா?"ன்னு கேட்டாரு. தங்கச்சி கத்துக்குதுன்னு அப்பா சொன்னதும், மேஸ்திரி ஸ்டாண்டையே ஒரு சுத்துப் பாத்துட்டு சிரிச்சாரு. "அப்புறம் இன்னாத்த பாக்கறது? கியரு பல்லு தேஞ்சிருக்கும். பொம்பளைங்க கையில குடுத்தா பேஜாருதான்." சுத்தி நின்னவங்க தலைய ஆட்டுனாங்க. தீர்ப்பு ஆயிடுச்சு.

கியர்பாக்ஸப் பிரிச்சா ரொம்ப நாளு சவாரி கெட்டுப் போவும். அதனால ஸ்டாண்டுக்காரங்க ஒரு கை வைத்தியம் வெச்சிருந்தாங்க. நல்லா கனிஞ்ச பூவன்பழத்த மசிச்சு, ஆயிலோட கலந்து உள்ள ஊத்திட்டா பல்லு சத்தம் அடங்குமாம். விரதத்துக்கு அம்மா வாங்கி வெச்சிருந்த சீப்ப அப்பா தூக்கிக்கினு போனாரு. "சாமிக்கு வெச்சத கார் வாயில ஊட்டறாரு பாரு"ன்னு அம்மா கத்துனாங்க. அலுமினியக் கிண்ணத்துல கறுப்பு ஆயிலும் பழமும் கொழஞ்சி, பஞ்சாமிர்தம் மாதிரி கமகமன்னு வந்துச்சு. எனக்கு நாக்குல தண்ணி ஊறிச்சுன்னா பாத்துக்கோங்க.

உறுமல் கொஞ்சமும் கொறையல. அதோட கியரும் இறுக்கமாயி, ரெண்டுக்கும் மூணுக்கும் கம்பிய ரெண்டு கையால இழுக்க வேண்டியதாயிடுச்சு. அப்பா மூஞ்சி செவந்துச்சு. "பாத்தியா? பல்லே போச்சு. சோறு போடற வண்டிய சாவடிச்சிட்ட." குமிழுல இருந்த ரிப்பன அவுக்கக் கூட இல்ல, பிளேடால அறுத்து எறிஞ்சாரு. அத நான் குப்பையில தேடிப் பாத்தேன், கெடைக்கவே இல்ல.

"நாளான்னைக்கு கெளம்பு. உன் வூட்டுல உட்டுட்டு வர்றேன்"னாரு அத்தைகிட்ட. "ஒரு வண்டியையே பக்குவமா வெச்சிக்கத் தெரியல. அங்க நீ இன்னா பண்ணிட்டு வந்தியோ."

அந்தக் கடைசி வார்த்தைதான். அத்தை அப்படியே செவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க. அழுவல. அவங்க கை எடது காத மூடிக்கினு இருந்துச்சு. கார் கெட்டா எதுக்கு அத்தைய அனுப்பணும்னு அம்மாகிட்ட கேட்டேன். "பெரியவங்க பேச்சுல மூக்க நொழைக்காத"ன்னு ஒரு கொட்டு விழுந்துச்சு.

டாக்ஸிக்காரன் தங்கச்சி பஸ்ஸுல வந்து எறங்குனான்னு பேசுவாங்களாம். அதனால அந்த உறுமற கார்லயே கெளம்புனோம். அத்தைய உட்டுட்டு, வரும்போது கார விழுப்புரத்துல பிரிக்கக் குடுத்துடறதா ஏற்பாடு. எனக்கு லீவு, அழுது அடம் புடிச்சி ஏறிக்கினேன். அப்பா ஓட்டுறாரு, அத்தை பக்கத்துல, நான் பின்னாடி அவங்க பையக் கட்டிப் புடிச்சிக்கினு. ரெண்டு பக்கமும் புளியமரம், ஈரமான ரோடு. சத்தம் இப்ப ரைஸ்மில்லு இல்ல, மாவு மிஷினே உள்ள ஓடுது. அப்பா பல்லக் கடிச்சிக்கினு வேகத்தக் கூட்டுனாரு.

அத்தை செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால தரையில ஊனுனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கைய நீட்டி, கியர்க் கம்பியத் தொட்டுப் பாத்தாங்க. "கைய எடு"ன்னாரு அப்பா. எடுத்தாங்க. மறுபடியும் கால ஊனுனாங்க.

"அண்ணா, கம்பி நடுங்கல. என் கால்தான் நடுங்குது. இந்த மூலையில. கொஞ்சம் நிறுத்திப் பாரேன்."

"வாய மூடிக்கினு வா."

"கண்ணு, நீ சொல்லு. வளைவுல சத்தம் மாறுதா?"ன்னு தலையத் திருப்பி என்னக் கேட்டாங்க. நான் காதத் தீட்டிக்கினேன். ரோடு சோத்துக்கைப் பக்கம் வளைஞ்சப்ப சத்தம் ஊளையிட்டுச்சு. பீச்சாங்கைப் பக்கம் வளைஞ்சப்ப தணிஞ்சிச்சு. "மாறுது அத்தை!"ன்னு கத்துனேன். "நீ வேறயா?"ன்னு அப்பா ஸ்டியரிங்கக் குத்துனாரு.

விக்கிரவாண்டி தாண்டுனோம். இன்னிக்கு அங்க டோல்கேட்டும் ஓட்டலுமா ஜேஜேன்னு இருக்கு, அன்னிக்கு ஒரு டீக்கடையும் லாரிங்களும்தான். அதத் தாண்டி ஒரு பாலம், ஏறி எறங்கும். எறக்கத்துல அத்தை பண்ண காரியத்த இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்குது. சட்டுனு கம்பிய ஓங்கித் தட்டி நியூட்ரலாக்கி, மறு கையால சாவியத் திருப்பி இஞ்சின ஆஃப் பண்ணிட்டாங்க.

"ஏய்!"

"பிரேக் போடாத! கேளு! கேளுண்ணா!"

இஞ்சினு செத்துப் போச்சு. கியருக்கு வேலையே இல்ல. கார் அது பாட்டுக்கு எறக்கத்துல உருளுது. காத்து சத்தம் கூடக் கேக்குது. அதுக்கு நடுவுல அந்த உறுமல், கொஞ்சமும் மாறாம, முன்னாடி எடது மூலையில இருந்து. அப்பா மூஞ்சிய நான் கண்ணாடியில பாத்தேன். அவரு வாய் தொறந்தபடியே இருந்துச்சு.

மெதுவா ஓரங்கட்டி நிறுத்துனாரு. எறங்கிப் போயி எடது சக்கரத்து நடுவுல கைய வெச்சாரு. "ஸ்ஸ்"னு உதறுனாரு. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சி ஆட்டுனாரு. கடகடன்னு ஆடிச்சு, பால்பல்லு மாதிரி. நடுவுல இருந்த மூடியத் தட்டிக் கழட்டுனதும் கிரீஸ் வரல. துருத் தண்ணி சொட்டிச்சு, கூடவே கெட்டியாப் போன ஏரிச் சேறு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரம் கழண்டு தனியா உருண்டிருக்கும். நாங்க மூணு பேரும் புளியமரத்துல இருந்திருப்போம்.

அப்பா அந்தச் சேத்த வெரல்ல எடுத்துத் தேச்சுத் தேச்சுப் பாத்தாரு. ஏரியில எறக்குனது யாரு?

நிமிந்து பாக்காமயே கேட்டாரு. "உனக்கு எப்படி இது கேட்டுச்சு?"

"எனக்கெங்க கேட்டுச்சு? கால்லதான் தெரிஞ்சிச்சு." அத்தை குரலு ஒடையவே இல்ல. "நீ கிளச்ச உடுன்னு சொன்னதே பாதி நாளு எனக்குக் கேக்கலண்ணா. நீ உக்காந்த பக்கம்தான் அவன் அறைஞ்ச பக்கம். அன்னிக்கு ராத்திரில இருந்து அந்தக் காதுல ஒண்ணும் இல்ல."

"சளின்னு..."

"நீங்கதான் சளின்னு சொன்னீங்க. யாரு என்னக் கேட்டீங்க?"

அப்பா எழுந்து நின்னாரு. கைகாட்டி ஒரு லாரிய நிறுத்தி ஏறி விழுப்புரம் போயிட்டாரு. பேரிங்கு வாங்கிக்கினு வர்றதா லாரியில இருந்து கத்துனாரு.

நாங்க ரெண்டு பேரும் புளியமரத்தடியில உக்காந்திருந்தோம். மழை தூறுச்சு. மத்தியானச் சோத்துக்கு கண்டமங்கலத்து வூட்டுல காத்துக்கினு இருப்பாங்கன்னு அத்தை சொன்னாங்க. "கார் சரியாயிடுச்சுன்னா ஜல்தியா போயிடலாம், இல்ல?"ன்னு சிரிக்கற மாதிரி சொன்னாங்க. எனக்கு அந்தப் பேரிங்கு கெடைக்கவே கூடாதுன்னு இருந்துச்சு. திருவாமாத்தூர் சாமிய வேண்டிக்கினேன், விழுப்புரத்துல எல்லாக் கடையும் சாத்தியிருக்கணும்னு. அத்தை பைய மடியில வெச்சிக்கினு, ஒவ்வொரு லாரி வரும்போதும் வாரை இறுக்கிப் புடிச்சாங்க.

கடை தொறந்துதான் இருந்திருக்கு. அப்பா ஒரு மெக்கானிக்கோட வந்து எறங்குனாரு. பழைய பேரிங்கு குண்டுங்க நசுங்கிப் போயி கொட்டுச்சு. புதுசப் போட்டு, கிரீஸ் அப்பி, சக்கரத்த மாட்டுனாங்க. சும்மா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்தாரு அப்பா. சத்தமே இல்ல. மெக்கானிக்கு பஸ் ஏறிப் போயிட்டாரு. எனக்கு அழுகை முட்டிக்கினு வந்துச்சு.

அத்தை முன்சீட்டுக் கதவத் தொறக்கப் போனாங்க. அப்பா அந்தக் கதவ மூடுனாரு.

"அந்தப் பக்கம் போ. நீ ஓட்டு."

"கண்டமங்கலத்துக்கு நானே ஓட்டிக்கினு போவணுமா?"

"திருப்பு வண்டிய. நம்ம வூட்டுக்கு."

"இன்னிக்குக் கொண்டாந்து உடறேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கியேண்ணா."

"நான் குடுத்த வாக்கு. நானே போயி திருப்பி வாங்கிக்கறேன். அவன் மூஞ்சியையும் ஒரு தடவ பாக்கணும் எனக்கு."

அத்தை ஸ்டியரிங்குக்குப் பின்னாடி உக்காந்தாங்க. அப்பா எப்பவும் போல எடது பக்கம் போயி கதவுல கைய வெச்சாரு. வெச்சவரு அப்படியே நின்னாரு. அப்புறம் கார சுத்திக்கினு வந்து, பின்கதவத் தொறந்து, "தள்ளுடி"ன்னு என்ன அந்தப் பக்கம் தள்ளிட்டு, அத்தைக்கு நேர் பின்னாடி, வலது பக்கமா உக்காந்தாரு. முன்சீட்டு மேல முழங்கைய ஊனி, வாய அவங்க வலது காதுகிட்ட கொண்டு போயி, ஊரே திரும்பற மாதிரி கத்துனாரு.

"கிளச்ச முழுசா அமுக்கு! அப்புறமா கால எடுத்துடு!"

அத்தை ரெண்டு கையாலயும் கியர்க் கம்பிய இழுத்தாங்க. அது வரல. இன்னொரு தடவ இழுத்துப் பூட்டுனாங்க.

"கேக்குதுண்ணா, மெதுவா சொல்லு. கியருதான் வர மாட்டேங்குது. உள்ள யாரோ வாழப்பழத்தப் போட்டு வெச்சிருக்காங்க."